மேசையில் சொன்ன பொய்

டுலூத் நகரத்துக்குக் காவலாக ஒரு காலத்தில் ஐந்து பேர் இருந்தார்கள். இப்போது மூன்று பேர். ஒருவர் முழங்கால் வலி என்று ஃப்ளோரிடாவில் வீடு வாங்கிக்கொண்டு போய்விட்டார். இன்னொருவன் டுவேன் கர்வினென். அவன்தான் இந்த மார்ச் மாதக் காலையில், ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு கப்பலை நெரித்துக்கொண்டிருந்தான்.

அந்த வருடத்தின் முதல் கப்பல் அது. இரும்புத்தாது ஏற்றிக்கொண்டு துறைமுகத்தை விட்டு, கடல்போல் விரிந்த ஏரிக்குள் இறங்கும் முதல் கப்பலை வழியனுப்ப ஊரே பாலத்தடியில் கூடும். பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வருவார்கள். கப்பல் கால்வாயைத் தாண்டியதும் அதைச் சுற்றி ஏரி இறுகியது. கையில் பட்ட தண்ணீரைக் கல்லாக்குவது டுவேனுக்குப் பிறவியிலேயே வந்தது. பனிமேல் குத்துக்காலிட்டு, இரண்டு வெறுங்கைகளையும் ஊன்றிக்கொண்டு, தோளில் இடுக்கிய தொலைபேசியில் அவன் கால்வாய்ப் பாலத்தை இயக்குகிறவருக்குச் சொன்ன சேதி இவ்வளவுதான்:

"மணி இப்ப பதினொன்னு இருவது. பன்னெண்டுக்கு நசுக்கிருவேன். கப்பல்ல இருவத்திரண்டு பேர் இருக்காங்க. நாப்பது நிமிஷம் கரையில நின்னு பாருங்க. யாராச்சும் வருவாங்களான்னு காத்துக் கெடக்கறது எப்பிடி இருக்கும்னு ஊருக்கும் தெரியட்டும்."

பணம் கேட்கவில்லை. மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை. எதையாவது கேட்கிறவனோடு பேரம் பேசலாம். ஒன்றுமே கேட்காதவனோடு என்ன பேசுவது?

லோர்னா ஹௌகன் வந்து சேர்ந்தபோது பதினொன்று இருபத்தேழு. பள்ளிக்கூடச் சமையலறையில் முந்நூறு பிள்ளைகளுக்கு மீனும் நூடுல்ஸும் வேகவைத்துக்கொண்டிருந்தவள், தலையில் மாட்டிய வலையைக் கழற்றவும் மறந்து ஓடி வந்திருந்தாள். ஐம்பத்திரண்டு வயது. ஒரு பேருந்தை இடுப்புயரத்துக்குத் தூக்கி ஐந்து நிமிடம் வைத்திருப்பாள். இந்த ஊரின் சூப்பர் ஹீரோக்களைப் படத்தில் வருகிறவர்களைப்போல நினைத்துக்கொள்ளக் கூடாது. நீல உடுப்பு ஒன்று உண்டுதான், நகராட்சி தைத்துக் கொடுத்தது. பூஜ்யத்துக்குக் கீழே இருபது பாகையில் அதைமட்டும் போட்டுக்கொண்டு நிற்பவனுக்கு எதிரி தேவையில்லை. அதனால் எல்லோரும் அதன்மேல் தடித்த மேலங்கியும் மான்தோல் கையுறையும் மாட்டிக்கொண்டுதான் ஊரைக் காப்பாற்றினார்கள்.

பாலத்தடியில் பெவ் காடோட்டும் ஜெரோமும் நின்றிருந்தார்கள். பெவ் மூத்தவள், சுவருக்குள் புகுந்து மறுபக்கம் வருகிறவள். ஜெரோம் பறக்கிறவன், அவனுடைய வலது கை தோள்வரைக்கும் பனிக்கட்டிக்குள் இருந்தது.

"கிட்டப் போனேன், பனியை வீசிட்டான்," என்றான் ஜெரோம். பல் தந்தியடித்தது. "என்னைப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே வீசினான் லோர்னாக்கா. எனக்குப் பறக்கக் கத்துக் குடுத்தப்போ கீழ நின்னு வலை பிடிச்சவன்."

"நான் கப்பலுக்குள்ள போயிட்டு வந்தேன்," என்றாள் பெவ். "போறேன், வர்றேன், அவ்வளவுதான். ஒருத்தனையும் கூட்டிக்கிட்டு வர முடியாது. தகடு முனகுது. சமையக்காரப் பையன் அவன் பொண்டாட்டிகிட்டப் பேசிக்கிட்டிருக்கான்."

லோர்னா கப்பலைப் பார்த்தாள். பனிக்குள்ளிருந்து அவள் இழுத்தால் கப்பலின் வயிறு கிழிந்துவிடும். பலம் உதவாத வேலை இது.

"உன்னைமட்டும் கிட்ட விடுவான்," என்றாள் பெவ். "எங்க எல்லார்மேலயும் அவனுக்குக் கோவம். இந்த ஊர்மேலயே கோவம். உன்மேல கெடையாது. போனமாசம் நீதிமன்றத்தை உறைய வச்சப்போகூட, 'லோர்னா உள்ள இல்லையே'ன்னு கேட்டுக்கிட்டுத்தான் செஞ்சான்." அவள் ஒரு ஜோடி கையுறையை நீட்டினாள், உள்ளே ஈயம் தைத்தது, மணிக்கட்டில் பூட்டு. "பேச்சுக் குடு. பக்கத்துல உக்காரு. ரெண்டு கையையும் பிடிச்சிரு. நீ பிடிச்சா அவனால உதற முடியாது. அவன் சக்தி எல்லாம் கையிலதான். அந்த நொடி நான் அங்க இருப்பேன், இதை மாட்டிருவேன்."

"அவன் என்னை நம்பறதால."

"நம்பறதாலதான்டி சொல்றேன்."

லோர்னா கையுறையை வாங்காமல் பனியில் இறங்கி நடந்தாள். அவன் அவளை நம்புவது எதனால் என்று அவளுக்கு மட்டுமே தெரியும். ஒன்பது வருடமாக அவள் வயிற்றில் கிடக்கிற சங்கதி அது.

அந்த ஐந்து பேருக்குள் இரண்டு வழக்கம் இருந்தது. ஆபத்து நடக்கும் இடத்துக்கு யார் முதலில் போய்ச் சேருகிறார்களோ அவர் சொல்தான் சட்டம். சின்னவரோ பெரியவரோ, ஏன் எதற்கு என்று அந்த இடத்தில் ஒருவரும் கேட்கக் கூடாது. கேட்பதெல்லாம் பிறகு, மேசையில். எல்லாம் முடிந்ததும் பெவ் வீட்டு மேசையைச் சுற்றி உட்காருவார்கள், காப்பி வரும், இறைச்சி வைத்த அப்பம் வரும். அங்கே யாரும் யாரையும் எதுவும் கேட்கலாம். ஏன் என்னை அங்கே நிறுத்தினாய், ஏன் அந்தக் கிழவரை விட்டுவிட்டு வந்தாய், எதுவும். மேசையில் பொய் மட்டும் சொல்லக் கூடாது. முதல் வழக்கம் இந்த இரண்டாவதன்மேல்தான் நின்றது. பிறகு உண்மை தெரியும் என்ற தைரியத்தில்தான் ஒரு மனிதன் கண்ணை மூடிக்கொண்டு இன்னொருவர் சொல்லுக்கு அடிபணிகிறான்.

ஒன்பது வருடத்துக்கு முன், நவம்பர் புயலில், ஆற்றுப்பாலத்தின் ஒரு தூண் சரிந்தது. மேலே பனி ஹாக்கி ஆடிவிட்டுத் திரும்பிய பிள்ளைகளும் பெற்றவர்களும் ஏறிய பேருந்து, நாற்பத்தொரு பேர். முதலில் போய்ச் சேர்ந்தவள் லோர்னா. இரண்டாவதாக வந்தவன் டுவேன். "தூணை உறைய வையி, நான் சொல்ற வரைக்கும் கையெடுக்காத," என்றாள். அவன் இரண்டு கைகளையும் ஆற்றில் விட்டுத் தூணைப் பனியால் கட்டிப்பிடித்து நின்றான். அவள் பாலத்தைத் தோளில் வாங்கிக்கொண்டு நின்றாள். நாற்பது நிமிடம். அதே நேரம் அலைதடுப்புக்கு அப்பால், ஏரியில், டுவேனின் தம்பி வெஸ்லியின் மீன்படகு கவிழ்ந்து கிடந்தது. கவிழ்ந்த படகின் முதுகில் தொற்றிக்கொண்டு அவன் ரேடியோவில் கூப்பிட்டான். அந்த அலையில் எந்தப் படகும் இறங்க முடியாது. ஏரியை உறைய வைத்து அவனை நடத்திக் கூட்டி வர உலகத்திலேயே ஒருவனால்தான் முடியும். அவனுடைய கைகள் தூணில் இருந்தன.

வெஸ்லி கூப்பிட்டதைக் கேட்டவள் லோர்னா. அவள் இடுப்பில் ரேடியோ இருந்தது. டுவேன் இருபதடி தள்ளி நின்றான், புயல் இரைச்சலில் அவனுக்கு எதுவும் எட்டவில்லை. அவள் சொல்லவில்லை.

நாற்பத்தொரு பேரும் பிழைத்தார்கள். மறுநாள் வெஸ்லியைக் கண்டெடுத்தபோது கையில் ரேடியோ இருந்தது, பேசும் பொத்தானை அழுத்தியபடியே. அன்று மாலை மேசையில் டுவேன் ஒரே ஒரு கேள்வி கேட்டான். "அவன் கூப்பிட்டிருக்கான். ஒருத்தருக்குமா கேக்கல? லோர்னா, உன் ரேடியோவுல ஏதாச்சும் வந்துச்சா?"

"என்னோடது நனைஞ்சு செத்துப் போச்சு டுவேன்," என்றாள் லோர்னா.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாள். அவன் அழுதான், அவள் தோளில்தான் அழுதான். அவனை நோகடிக்க வேண்டாமே என்ற இரக்கம் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இரக்கமாவது மண்ணாவது! அவன் முகத்தைப் பார்க்கப் பயம், அவ்வளவுதான்.

அடுத்த வாரம் ஊர் அவனுக்குப் பதக்கம் குத்தி ஊர்வலம் விட்டது. அவன் ஒவ்வொருவரையும் நிறுத்திக் கேட்டான். துறைமுகத்தில் கேட்டான், ரோந்துப் படகுக்காரர்களைக் கேட்டான், மளிகைக்கடையில் வரிசையில் நிற்பவர்களைக் கேட்டான்: அன்றைக்கு யாருக்குமே கேட்கவில்லையா? இரண்டாம் வருடம் மக்கள் அவனைக் கண்டால் வேறு தெருவில் திரும்பினார்கள். நான்காம் வருடம் ஒரு ஜனவரியில் ஊரின் தண்ணீர்க் குழாய்களெல்லாம் ஒரே சமயத்தில் வெடித்தன. பிறகு ஒரு காவலருக்கு ஐந்து விரல்கள் போயின. பிறகு நீதிமன்றம். காது கேளாத ஊர் என்று அவன் முடிவு கட்டிவிட்டான். கேட்க வைக்காமல் விடுவதில்லை என்றும்.

இதோ இப்போது அவன் முன்னால் நடந்துபோகிறாள். அவன் தன்னைச் சுற்றி மார்புயரத்துக்குப் பனிவரம்பு எழுப்பியிருந்தான். தாடி நரைத்திருந்தது. தொப்பி இல்லை.

"தலைவலையோட வந்திருக்கிறியே, இன்னிக்கு என்ன சமையல்?" என்றான் டுவேன்.

"மீன்."

"எப்பப் பாத்தாலும் மீன். அந்தப் பிள்ளைங்க உன்னைத்தான் வில்லின்னு சொல்லும்." சிரித்தான். பழைய சிரிப்பு, அதுதான் அவளைக் கொன்றது. "கிட்ட வா. ஆனா தடுக்கப் பாக்காத லோர்னா. உன்னை நோகடிக்க எனக்கு மனசு வராது, நீயும் என்னை நோகடிக்காத."

வரம்பில் ஏறுகையில் அவள் கால் வழுக்கியது. அவன் ஒரு கையைப் பனியிலிருந்து எடுத்து அவளுக்கு நீட்டினான். அவளுக்காகக் குளிரை அடக்கிக்கொண்டு நீட்டிய கை, வெதுவெதுப்பாக இருந்தது. ஏறி அவன் பக்கத்தில் மண்டியிட்டாள். ஒரு கை அவள் பிடியில். இன்னொன்று முழ தூரத்தில், பனிமேல். கரையில் பெவ் ஒரு காலை முன்னால் எடுத்து வைப்பது கண்ணோரத்தில் தெரிந்தது. எட்டிப் பிடித்தால் முடிந்தது. இருபத்திரண்டு பேரும் வீட்டுக்குப் போவார்கள், டுவேன் ஆயுசு முழுக்கச் சுவருக்குள் இருப்பான், ஒருவருக்கும் ஒன்றும் தெரிய வராது. அவன் மட்டும் சாகும்வரை அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருப்பான். அப்போதும், லோர்னா ஒருத்திதான் நல்லவள் என்று நம்பிக்கொண்டே இருப்பான்.

அந்த நம்பிக்கையை இன்னொரு தரம் தின்ன அவளால் முடியவில்லை.

அவள் அவன் கையை விட்டாள்.

"டுவேன். என் ரேடியோ நனையல."

அவனுக்குப் புரியவில்லை. "எது?"

"அன்னிக்கு. வெஸ் கூப்பிட்டது எனக்குக் கேட்டுச்சு. படகு கவுந்துருச்சுன்னான். எங்க இருக்கேன்னு சொன்னான். எல்லாம் கேட்டுச்சு. நீ பக்கத்துலதான் நின்ன. நான் உங்கிட்டச் சொல்லல. மேசையில பொய் சொன்னேன்."

ஏரியில் காற்று நின்றுபோனதாக அவளுக்குப் பட்டது. கப்பல் ஒருமுறை நீளமாக முனகியது.

"சும்மா சொல்ற," என்றான் அவன். "இவனுங்களக் காப்பாத்தச் சொல்ற. பெவ் சொல்லிக் குடுத்து அனுப்பியிருக்கா."

"பெவ்வுக்குத் தெரியாது. ஒருத்தருக்கும் தெரியாது. 'ஆரஞ்சு பெட்டி மெதந்து போயிருச்சு, அதுலதான் என் கையுறை இருக்கு'ன்னு சொன்னான். ஏரிக்கரையில உனக்குக் கெடச்ச பெட்டி. நீ ஒருத்தருக்கும் தொறந்து காட்டாத பெட்டியில கையுறை இருந்தது எப்பிடிடா எனக்குத் தெரியும்?"

அவன் எழுந்தான். இரண்டு கைகளும் பனியை விட்டு வந்தன. ஒன்பது வருடம் ஊர்மேல் சிதறிக் கிடந்த கோபம் முழுவதற்கும் ஒரு விலாசம் கிடைத்துவிட்டது. இரண்டு கைகளையும் அவள் பக்கம் திருப்பினான். பனி அவள் முழங்காலைப் பிடித்தது, இடுப்பைப் பிடித்தது, விலா எலும்பை இறுக்கியது. அவளால் அதை அப்பளமாக நொறுக்க முடியும். நொறுக்கவில்லை. பின்னால் கப்பலைச் சுற்றியிருந்த பனி, பிடித்த கை போய்விட்டதால், பளீரென்று ஒரு நீள வெடிப்பு விட்டது. கரையில் கூட்டம் கத்தியது. ஜெரோம் ஒற்றைக் கையோடு மேலே எழும்பி, கப்பலின் தளத்துக்குப் போய், ஒவ்வொருவராகத் தூக்கத் தொடங்கினான். டுவேன் அந்தப் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை.

"ஒம்போது வருஷம்!" என்று கத்தினான். "ஒவ்வொரு நாயையும் நிறுத்திக் கேட்டேன். பைத்தியம்னாங்க. நீ என் வீட்டுக்குச் சாப்பாடு கொண்டு வந்த. உக்காந்து ஊட்டிவிட்ட! வாயில வார்த்தை வரலியா உனக்கு?"

"வரல."

"அந்தப் போலீஸ்காரன் வெரலு! அது என் தலையில இருக்கு. அதுல பாதி உன் தலையில இருக்குது தெரியுமா?"

"தெரியும்."

பனி கழுத்துக்கு ஏறியது. மூச்சு சிறுத்தது.

"இன்னொரு தரம் அப்பிடி நடந்தா என்ன செய்வ? நெசத்தைச் சொல்லு."

பொய் சொல்ல இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. "தூணைத்தான் பிடிக்கச் சொல்லுவேன்," என்றாள் லோர்னா. "நாப்பத்தொரு பேர் டுவேன். அதுல பத்து வயசுப் பிள்ளைங்க."

அவள் சாகத் தயாராகிக் கண்ணை மூடினாள். ஒன்றும் நடக்கவில்லை. திறந்தபோது அவன் கைகள் தொங்கிக் கிடந்தன. முகம் கோபத்தைத் தாண்டி வேறு எங்கோ போயிருந்தது.

"முட்டாளே," என்றான் மெதுவாக. "நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா, தூணைப் பிடிக்கிறேன்னு நானே சொல்லியிருப்பேன். வெஸ் என் தம்பி. அவனை விட்டுக் குடுத்தது நான்னு இருந்திருக்கும். தூக்கிச் சுமந்திருப்பேன் லோர்னா. அழுதுகிட்டே சுமந்திருப்பேன், ஆனா மனுசனா இருந்திருப்பேன். நீ எங்கிட்டருந்து அதைப் புடுங்கிக்கிட்ட."

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருடமும், ஒரு தம்பியைச் சாக விட்ட குற்றத்தைத்தான் அவள் மறைத்து வைத்திருப்பதாக நினைத்திருந்தாள். அவள் எடுத்துக்கொண்டது வேறொன்று. அது திருப்பித் தரக்கூடியதும் அல்ல. அழுகை வந்தது, அழுதாள். கண்ணீர் கன்னத்திலேயே உறைந்தது.

அவன் பனிவரம்பில் உட்கார்ந்தான். தரையைப் பார்த்தபடி கேட்டான்.

"என்ன சொன்னான்? கடைசியா."

"'எங்க அண்ணன் வர்றானா?'ன்னு கேட்டான்."

டுவேன் தலையை நிமிர்த்தினான். "நீ என்ன சொன்ன?"

"'வந்துக்கிட்டே இருக்கான்'னு சொன்னேன்."

 பன்னிரண்டு மணி எப்போது தாண்டியது என்று இருவருக்கும் தெரியாது. ஜெரோம் கடைசி ஆளாகச் சமையற்காரப் பையனைக் கரையில் இறக்கிவிட்டான். அவன் பெண்சாதி அவனை அடித்தாள், பிறகு கட்டிப்பிடித்தாள். பெவ் பனியின்மேல் ஓடி வந்து, கொஞ்சதூரத்தில் நின்றாள். அவள் காதில் கடைசி வார்த்தைகள் விழுந்திருக்க வேண்டும். லோர்னாவை அவள் பார்த்த பார்வையில், நாற்பது வருடச் சிநேகம் இனி எந்தக் கணக்கிலும் வராது என்பது எழுதியிருந்தது.

பனி தளர்ந்தது. லோர்னா அதிலிருந்து கையை உருவிக்கொண்டு, கையுறைக்காகப் பெவ்விடம் நீட்டினாள்.

"நீ வேணாம்," என்றான் டுவேன். "அக்கா மாட்டட்டும்."

இரண்டு கைகளையும் பெவ்விடம் நீட்டினான். பெவ் கையுறையை மாட்டிப் பூட்டினாள். காவலர்கள் கரையிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் வந்தவர் இடது கையைச் சட்டைப்பைக்குள் வைத்திருந்தார். டுவேன் அவரைப் பார்த்துத் தலைகுனிந்தான், அவர்களை நோக்கித் தானாகவே நடந்தான். பத்துப் பதினைந்து அடி போனதும் நின்றான். திரும்பவில்லை.

"வெஸ் நம்பினானா?" என்று கேட்டான்.

"நம்பினான்," என்றாள் லோர்னா.

அவன் மறுபடி நடந்தான்.